எர்லி டிசிஷன் முடிவு வரும்வரை மற்ற விண்ணப்பங்களை என்ன செய்தீர்கள்?

நண்பர்களே, கொஞ்சம் வழி சொல்லுங்கள். என் மகள் அமெரிக்காவில் இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு, நவம்பர் 1 அன்று எர்லி டிசிஷனில் (முன்கூட்டியே விண்ணப்பித்து, இடம் கிடைத்தால் அங்கேயே சேர்வதாக ஒப்பந்தம் போடும் முறை) விண்ணப்பித்தாள். டிசம்பர் நடுவில் முடிவு வரும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போர்ட்டலைத் திறந்து பார்க்கிறாள் (அவள் தூங்கிய பிறகு நானும்தான்).

பிரச்சினை அதுவல்ல. ரெகுலர் சுற்றுக்குப் பல இடங்களில் ஜனவரி முதல் வாரத்தோடு கெடு முடிகிறது, ஆனால் 'இடம் கிடைத்தால் எல்லாம் வீண்தானே' என்று அந்த விண்ணப்பங்களுக்கு எழுத வேண்டிய கட்டுரைகளைத் தொடவே மாட்டேன் என்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எர்லி டிசிஷனில் சேர்த்துக்கொண்டால் மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றே ஆக வேண்டும். ஆனால் மறுத்துவிட்டால் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டு வாரம், அதுவும் அழுது வீங்கிய முகத்தோடு. எனக்கு அதுதான் பயம். திட்டாமல் பிள்ளையை எழுத வைத்தவர்கள் இருந்தால் எப்படி என்று சொல்லுங்கள்.

டெஃபர் ஆனால், அதாவது இப்போது முடிவு சொல்லாமல் ரெகுலர் சுற்றுக்குத் தள்ளிப்போட்டால், இன்னும் ஆர்வம் இருப்பதாக ஒரு கடிதம் அனுப்பலாம், சரி. அதில் பழைய கட்டுரையையே திருப்பிச் சொல்லாமல், புது மதிப்பெண் தவிர வேறு என்ன எழுதினீர்கள்?

அப்புறம் பணம். நிதி உதவி போதாவிட்டால் அந்த ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்கிறார்கள். உண்மையிலேயே விலகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நேரே விலகினீர்களா, அல்லது முதலில் தொகையைக் கூட்டித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்த்தீர்களா?