திட்டின கேலரியே கைதட்டினது எப்படி?

அரசரடி:
நம்மூர் செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) வெளியூரிலிருந்து வந்த கெஸ்ட் பிளேயர் முதல் பத்து நிமிஷத்தில் ரெண்டு பந்தைக் காலில் நிறுத்தாமல் விட்டால் போதும். "இவனுக்குப் போயி காசு குடுத்துக் கூட்டியாந்திருக்காய்ங்க" என்று கோட்டுக்கு வெளியே பேச்சு ஆரம்பித்துவிடும். இங்கிலாந்தின் கீழ்நிலை லீக்குகளில் அந்தப் பேச்சை மாற்றிக் காட்டியவர்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். எத்தனை கோல் என்பதோடு, என்ன செய்து மாற்றினார்கள் என்பதும் வேண்டும்.

ஜேமி வார்டியிலிருந்து தொடங்குகிறேன். 2012 மே மாதம் ஃப்ளீட்வுட் டவுனிலிருந்து லெஸ்டர் சிட்டி அவரை வாங்கியபோது விலை 10 லட்சம் பவுண்டு. தொழில்முறை லீக்குக்கு வெளியே ஆடிய ஒருவருக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. முதல் சீசனில் 26 லீக் ஆட்டம், 4 கோல். ரசிகர்கள் சமூக ஊடகத்தில் வறுத்தெடுத்தார்கள். கால்பந்தையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போனவரை மேலாளர் நைஜல் பியர்சனும் உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியரும் பேசி நிறுத்தினார்கள். அடுத்த சீசனில் 16 லீக் கோல். லெஸ்டர் 102 புள்ளியோடு, இரண்டாம் நிலை லீக்கான சாம்பியன்ஷிப்பை வென்று மேலே போனது. 2015–16இல் லெஸ்டர் வென்ற, உச்ச நிலையான பிரீமியர் லீக் பட்டம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

செல்லூர்:
அண்ணே, கோல் வராத நேரத்திலும் வார்டி செய்த வேலை ஒன்று உண்டு: விரட்டுவது. எதிரணி டிஃபென்டர் நம்ம கோலுக்கு முதுகு காட்டித் திரும்பும்போது, பின்னால் கீப்பருக்குப் பந்து போகும்போது, முதல் தொடலில் பந்து காலைவிட்டு ஒரு முழம் தள்ளிப் போகும்போது, இந்த மூணு நேரமும்தான் பாய வேண்டியது. நேராக ஓடக்கூடாது. வளைந்து ஓடி, பக்கத்து டிஃபென்டருக்குப் போகிற பாஸை உடம்பால் மறைத்துக்கொண்டே நெருங்கணும். நேராக ஓடினால் ஒரு பக்கத்துப் பாஸில் தப்பித்துவிடுவார்கள், ஓடினது வீண்.

பின்னால் மிட்ஃபீல்டு பத்து, பன்னிரண்டு மீட்டருக்குள் ஏறி வரலைன்னா தனி ஆள் விரட்டல் (பிரஸ்) எதுக்கும் ஆகாது. கேலரியில் திட்டு வாங்குற ஸ்ட்ரைக்கர் பல பேரோட பிழை அவர் காலில் இல்லை, அவர் முதுகுக்குப் பின்னாடி இருக்கிற இடைவெளியில இருக்கு. இதை ரசிகர்கள் கவனிக்கணும்னு உண்மையாகவே ஆசைப்படுறேன். எங்க பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவங்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும்: பாயிண்ட் எடுக்காம திரும்பின ரைடரும் எதிராளி பக்கத்துக் கோடான பாக் லைனைத் தாண்டி எதிராளி டிஃபென்ஸைக் கலைச்சுட்டுத்தான் வந்திருப்பான்.

மேலூர்:
கிளென் மர்ரேயைச் சேர்க்காமல் இந்தப் பேச்சு முழுசாகாது. 2011இல் பிரைட்டனை மூன்றாம் நிலையான லீக் ஒன்னிலிருந்து மேலே ஏற்றிவிட்டு, நேரே அவர்களின் பரம எதிரியான கிரிஸ்டல் பேலஸுக்குப் போனார். முதல் சீசனில் 6 லீக் கோல்தான். எதிரி வீட்டுப் பிள்ளை வேறு. சந்தேகம் வராமல் இருக்குமா? 2012–13இல் 30 லீக் கோல் அடித்தார். மேலே ஏற மிச்சமிருக்கும் ஓர் இடத்துக்கான பிளே-ஆஃப் அரையிறுதியில், அதுவும் பிரைட்டனுக்கு எதிராகவே, முழங்கால் தசைநார் அறுந்து ஸ்ட்ரெச்சரில் போனார். இறுதிப் போட்டியில் அவர் இல்லாமலே பேலஸ் ஜெயித்து மேலே போனது. 2016இல் பிரைட்டனுக்கே திரும்பி வந்தார். "துரோகி" என்று சொன்ன அதே ஊர், 23 லீக் கோலோடு பிரீமியர் லீக்குக்கு ஏற்றிவிட்டபோது அவரை மறுபடி தோளில் தூக்கிக்கொண்டது.

மர்ரே வேகமான ஆள் இல்லை. கிராஸ் வரும்போது முதலில் இரண்டடி பின்னே நகர்ந்து டிஃபென்டரின் பார்வைக்கு வெளியே போய்விட்டு, பிறகு முன்கம்பத்துக்குப் பாய்வது அவர் பாணி. டிஃபென்டரால் பந்தையும் ஆளையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது; அந்த அரை நொடிதான் முதலீடு. வேகம் குறைந்த ஸ்ட்ரைக்கர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

திருநகர்:
உடம்பைப் பார்த்தே சந்தேகப்பட்ட ஆள் என்றால் அடபாயோ அகின்ஃபென்வா. நூறு கிலோவைத் தாண்டின உடம்பு. 2006 லீக் ஒன் பிளே-ஆஃப் இறுதியில் ஸ்வான்சிக்காகப் பெனால்டியைத் தவறவிட்டார். பத்து வருஷம் கழித்து, 2016இல் நான்காம் நிலையான லீக் டூ பிளே-ஆஃப் இறுதியில் ஏஎஃப்சி விம்பிள்டனுக்காகக் கடைசி நேரப் பெனால்டியை அடித்து 2–0 ஆக்கினார். 2020இல் வைகாம்ப் முதன்முறையாகச் சாம்பியன்ஷிப்புக்கு ஏறியபோதும் அணியில் இருந்தார்.

அவர் மாதிரி பந்தை மறைத்து நிற்க: டிஃபென்டருக்கு முதுகை முழுசாகக் கொடுக்காமல் பக்கவாட்டில் நிற்கணும், முழங்கால் மடங்கியிருக்கணும், எதிராளியிடமிருந்து தள்ளியிருக்கிற காலால் பந்தைத் தொடணும். கை விரியலாம், முழங்கை எதிராளி முகத்துக்கு ஏறினால் கார்டு. பந்து எட்டும் தூரத்தில் இருக்கும்வரை மறைப்பது சட்டப்படி சரி. பந்து தள்ளிப் போனபின் ஆளை மட்டும் மறித்தால் ஃபவுல். நம்ம மைதானங்களில் பாதித் தகராறு இந்த ஒரு விதி தெரியாமல்தான் வருது.

அரசரடி:
பெனால்டி என்றதும் ரிக்கி லாம்பெர்ட். 2009இல் பிரிஸ்டல் ரோவர்ஸிலிருந்து சவுத்தாம்ப்டனுக்கு வந்தபோது அந்த கிளப் லீக் ஒன்னில், அதுவும் 10 புள்ளி கழித்துக்கொண்டு தொடங்கியிருந்தது. எடையைக் குறைக்கச் சொல்லி மேலாளரே கறாராகப் பேசின ஆள். அந்த சீசனில் 30 லீக் கோல். சவுத்தாம்ப்டனுக்காக எடுத்த 34 பெனால்டியில் 34உம் கோல்.

நம் செம்மண் தரையில் பெனால்டி ஏன் மேலே பறக்கிறது என்றால், ஊன்றுகால் பொடி மண்ணில் வழுக்குகிறது, உடம்பு பின்னே சாய்கிறது, பந்து ஏறுகிறது. அடிக்கும் முன் ஊன்றுகால் விழும் இடத்தைப் பூட்டால் தேய்த்துக் கெட்டித் தரையைக் கண்டுபிடியுங்கள். ஊன்றுகால் பந்துக்கு ஒரு சாண் பக்கத்தில், விரல் இலக்கைப் பார்த்து இருக்கட்டும். காய்ந்த தரைக்கு இரும்பு ஸ்டட் வேண்டாம். குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய உள்ள டர்ஃப் ஷூதான் பிடிக்கும்.

செல்லூர்:
அதோடு பந்துக் காற்றும். விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வரை இருக்கலாம். கெட்டித் தரையில் 9க்குப் பக்கத்தில் வைத்தால் துள்ளல் அடங்கும், முதல் தொடல் காலில் நிற்கும். வெயிலில் கிடந்த பந்தை அப்படியே அளக்காதீங்க, அழுத்தம் கூடக் காட்டும். நிழலில் அரை மணி நேரம் போட்டுவிட்டு, ஊசியை ஈரமாக்கிச் செருகி அளங்க. அண்ணே சொன்ன அந்த முதல் பத்து நிமிஷத்துக் குற்றச்சாட்டுல பாதி, காற்று கூடுதலான பந்தாலதான் வருது.

மேலூர்:
ஒரே ஒரு உதையில் ஊரை வாங்கினவரும் உண்டு. 1999 மே 8. கார்லைல் யுனைடெட் தோற்றாலும் டிரா செய்தாலும் தொழில்முறை லீக்கைவிட்டே போகும் நிலை. கீப்பர் இல்லாததால் சிறப்பு அனுமதியோடு ஸ்விண்டனிலிருந்து லோனில் (இரவலாக) வந்த ஜிம்மி கிளாஸுக்கு அது மூன்றாவது ஆட்டம்தான். பிளிமத்துடன் 1–1, 90 நிமிஷம் முடிந்து இன்ஜுரி டைம், கார்னர். கீப்பர் கிளாஸ் எதிர்க் கோலுக்கு ஓடினார். ஸ்காட் டோபி தலையால் முட்டியதை பிளிமத் கீப்பர் தட்டிவிட, காலடிக்கு வந்த பந்தை கிளாஸ் வலதுகாலால் உள்ளே அடித்தார். கார்லைல் தப்பித்தது, ஸ்கார்பரோ கீழே போனது.

கார்னருக்குக் கீப்பரை அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவரைக் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தக்கூடாது. தட்டிவிட்ட பந்து விழும் இடத்துக்குத் தாமதமாக ஓடிவந்து சேரவேண்டும். வேகமான ஒருவரை நடுக்கோட்டில் விட்டுவைப்பதும் கட்டாயம்.