ஹட்டெராஸ் தீவு: கடலைவிடக் காயல்தான் எங்களை மிரட்டியது

அமெரிக்கக் கிழக்குக் கரையில், நார்த் கரோலினாவின் அவுட்டர் பேங்ஸ் என்ற தீவுத்தொடர் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் சூறாவளி வருமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். ஜூன் முதல் நவம்பர் வரை அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் எங்களுக்கு ஆட்டம் காட்டியது சூறாவளி இல்லை, பெயர்கூட வைக்காத ஒரு அக்டோபர் நார்ஈஸ்டர், அதாவது வடகிழக்குக் காற்றோடு வரும் கரையோரப் புயல்.

அந்தத் தொடரில் ஒன்றான ஹட்டெராஸ் தீவு வெறும் மணல் பட்டை. கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பாம்லிகோ சவுண்ட் என்ற ஆழமில்லாத பெரிய காயல். அங்கே ரொடாந்தே என்ற ஊரில் காயல் பக்கம், உயரமான கட்டைக் கால்களில் நிற்கும் வீடு ஒன்றை எடுத்திருந்தோம். கடல் பக்கம் வேண்டாம் என்று புத்திசாலித்தனமாக ஒதுக்கிவிட்டதாக எனக்கு நினைப்பு.

இரண்டு நாள் வடகிழக்குக் காற்று விடாமல் அடித்தது. அலை மணல்மேட்டைத் தாண்டி வந்து 12ஆம் எண் நெடுஞ்சாலையில் மணலைக் கொட்ட, சாலையை மூடிவிட்டார்கள். (அந்த இடத்தைத் தவிர்த்துக் காயல் மேல் போகும், 2022இல் திறந்த புதுப் பாலம் அப்போது இல்லை.) எங்கள் பக்கமோ தண்ணீரையே காணோம்! காயல் உள்வாங்கிச் சேறு தெரிந்தது. பிள்ளைகள் இறங்கிச் சிப்பி பொறுக்கினார்கள், நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து, "காரை மேட்டில் கொண்டுபோய் விடுங்கள், காற்று திரும்பப் போகிறது" என்றார். அந்தக் காயலில் நிலவால் வரும் ஏற்றவற்றம் மிகக் குறைவு. நீர்மட்டத்தை ஏற்றுவதும் இறக்குவதும் காற்றுதான். வடகிழக்குக் காற்று தண்ணீரை அக்கரைக்குத் தள்ளி வைத்திருக்கும். காற்று மேற்கிலிருந்து வீசத் தொடங்கினால் அத்தனையும் தீவின் முதுகுப் பக்கம் திரும்பும். சரி, பெரியவர் சொல்கிறாரே என்று காரை மட்டும் நகர்த்தினேன். விடியும்போது படிக்கட்டில் நான்கு படிக்கு உப்புத்தண்ணீர். கீழே விட்டிருந்த சைக்கிள்கள் போச்சு. 2011இல் ஐரீன் சூறாவளி வந்தபோதும் காயல் தண்ணீர் இப்படித் திரும்பி வந்துதான் தீவை அறுத்துக்கொண்டு கடலில் இறங்கியதாம். அதன் சின்னப் பதிப்பைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

---

இன்னொரு பயணி: நாங்கள் ஹட்டெராஸ் போனது மே மாதம். வெயில் நன்றாக இருக்கிறதே என்று கடலில் கால் வைத்தால் ஐஸ்! வடக்கே கனடாவின் லாப்ரடார் பக்கத்துக் குளிர்நீரும் தெற்கிலிருந்து வரும் கல்ஃப் ஸ்ட்ரீம் என்ற கடல் நீரோட்டத்தின் வெந்நீரும் ஹட்டெராஸ் முனைக்கு அருகில்தான் சந்திக்கின்றன. முனைக்கு வடக்கே நடுங்கியவர்கள், மதியம் தெற்கே பிரிஸ்கோ கரையில் இதமாகக் குளித்தோம். குளிப்பதற்குத்தான் போகிறீர்கள் என்றால் செப்டம்பரில் போங்கள். வெயில் தணிந்தாலும் தண்ணீர் சூடு இறங்கியிருக்காது. சூறாவளி உச்சமும் அதே மாதம்தான், அது உங்கள் பாடு.

---

மூன்றாவது பயணி: நான் ஜனவரியில் போனேன். பனிப்பொழிவு அரிது, ஆனால் காற்று எலும்பு வரை போகிறது. கரை அரிப்புக்குப் பயந்து 1999இல் ஹட்டெராஸ் முனையின் கலங்கரை விளக்கத்தையே 2,900 அடி உள்ளே நகர்த்தினார்களே, அதன் பழைய இடத்தில் நின்றேன். ஐந்து நிமிடம் தாங்கவில்லை. தொப்பி பறந்தது, துரத்தவும் தெம்பில்லை.