புதுப்பிப்பு: மாணவர்கள் வரைந்த சீருடை தையலகம் வரை வந்தாயிற்று

எங்கள் பள்ளியின் புதிய சீருடையை மாணவர்களே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வரைவதைப் பற்றிச் சென்ற பருவத்தில் எழுதியபோது, திரையில் தெரியும் நிறம் துணியிலும் அப்படியே வருமா என்று கேட்டிருந்தேன். வராது என்பதே விடை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால் காட்டுகிறது. அதிலும் பாலியஸ்டர் கலந்த பருத்தியில் இரண்டு இழைகளுக்கும் வெவ்வேறு வகைச் சாயம் தேவைப்படுவதால், மாணவர்கள் தேர்ந்த மயில்நீலம் முதல் மாதிரியில் மங்கிய பச்சையாகவே வந்தது. பிறகு பான்டோன் துணி அட்டையில் (ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் தரும் மாதிரி அட்டை) அந்த நிறத்துக்குள்ள எண்ணை ஆலைக்குக் கொடுத்து, சாயமிட்ட சிறு துண்டைப் பகல் வெளிச்சத்திலும் வகுப்பறை விளக்கிலும் பார்த்த பின்னரே ஒப்புதல் அளித்தோம்.

சீருடை பற்றி மாணவர்களின் கருத்தைக் கேட்ட கூகுள் படிவத்தில் நாங்கள் பெரும்பாலும் நிறத்தைப் பற்றியே கேட்டிருக்க, மாணவிகள் ‘பிற கருத்துகள்’ என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப உடையில் பை (பாக்கெட்) வேண்டும் என்றே எழுதியிருந்தார்கள் (இது எங்களுக்குத் தோன்றாமற்போனது வெட்கமே). கேரளத்தின் பாலுசேரியில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் 2021 டிசம்பரில் இருபாலருக்கும் ஒரே கால்சட்டையும் சட்டையும் வந்ததை ஒரு மாணவி எடுத்துக்காட்டியதால், சுடிதாருடன் அதையும் விருப்பத் தேர்வாகச் சேர்த்தோம்.

உடையைத் திரையில் அணிவித்துப் பார்க்கும் முப்பரிமாண மென்பொருளில், நின்ற உருவத்துக்குக் கச்சிதமாக இருந்த கால்சட்டை, தரையில் சம்மணமிட்டதும் தொடையில் பிடித்தது. அதைத் தளர்த்தி இரண்டாவது மாதிரி தைக்கக் கொடுத்திருக்கிறோம்.