அப்பாவின் மரக்கறித் தோட்டத்தில் எங்களுக்கு ஒரு வீடு: எதை முதலில் பார்ப்பது?

கொழுந்துக்கூடை

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பண்டாரவளைக்குப் பக்கத்தில். அப்பா தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசில் வாங்கிய 18 பேர்ச் காணி, காணி உறுதி அவர் பெயரில்தான் இருக்கிறது. ரோட்டோரமாக மேலே வீடு, அதற்குப் பின்னால் மூன்று படியாக இறங்கும் மரக்கறித் தோட்டம். அம்மா போஞ்சியும் கரட்டும் போடுவார், மேல் படியில் ஒரு பேரிக்காய் மரமும் உண்டு.

நான், மனைவி, நாலு வயது மகள் மூவரும் டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் முடியாமல் போய்விட்டது, தனியாக ரோடு வரை நடக்கவே கஷ்டப்படுகிறார். "கீழே ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு வந்துவிடு, பிள்ளை என் கண் முன்னால் வளரட்டும்" என்று ஒவ்வொரு ஞாயிறும் சொல்கிறார். எனக்கும் ஆசைதான். 650 சதுர அடியில் இரண்டு அறை வைத்துக் கட்டலாம் என்று யோசனை, கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன் எடுக்க வேண்டும்.

அண்ணன் கட்டாரில், தங்கச்சி ஹட்டனில் கலியாணம் முடித்து இருக்கிறாள். இரண்டு பேரும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் காணியை எழுதித் தருவதைப் பற்றிக் கேட்டால் "எனக்குப் பிறகு எல்லாம் உங்களுக்குத்தானே, இப்போது நொத்தாரிசு எதற்கு" என்கிறார். அதற்கு மேல் பேச எனக்கு வாய் வரவில்லை.

கடைசிப் படியில் கட்டினால் மேல் இரண்டு படியும் அம்மாவின் தோட்டமாகவே இருக்கும், அதனால் அங்கேதான் கட்டலாம் என்று பார்க்கிறேன். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது எதிர் மேட்டில் மண் இறங்கியது, எங்கள் காணிக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த மழைக்குப் பிறகு கடைசிப் படியில் ஒரு மூலையில் தண்ணீர் ஊறுகிறது, அவ்வளவுதான். இப்படிப் பெற்றோர் காணியில் கட்டியவர்கள் இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வெலிமடை மாமா

தம்பி, உன் அப்பா சொன்ன அதே வார்த்தையைத்தான் என் அப்பாவும் சொன்னார். நான் நம்பிக் கட்டினேன். 2003இல் அப்பாவின் வீட்டுக்குப் பின்னால், ஒரு துண்டுக் கடதாசி இல்லாமல். 2011இல் அவர் உயில் எழுதாமலே போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சட்டம் தெரிய வந்தது. யாழ்ப்பாணத்துக்கான தேசவழமைச் சட்டம் நமக்கு இல்லை, பொதுச் சட்டம்தான். உயில் இல்லாவிட்டால் பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி பிள்ளைகள் எல்லோருக்கும் சமமாக. அதைவிடப் பெரிய விஷயம், மண் யாருடையதோ அதன் மேல் நிற்கிற கட்டடமும் அவர்களுடையது. கல்லும் சீமெந்தும் நான் வாங்கியிருக்கலாம், ஆனால் வீடு பொதுக் காணியின் மேல் நிற்கிறது. கட்டியவன் செலவை ஈடு கேட்கலாம், அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். சட்டத்தரணி "நீங்கள் கட்டியதற்கு என்ன அத்தாட்சி" என்று கேட்டபோது வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்தேன். மூன்றே மூன்று பில், ஒன்றில் மை அழிந்து கடையின் பெயர்கூடத் தெரியவில்லை. எட்டு வருடம் நானும் தம்பியும் பேசவில்லை. அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே அப்பா நல்ல சுகத்தோடு இருக்கும்போதே செய். சேர்வேயரைக் கொண்டு அளந்து, உன் துண்டைப் பிரித்து பிளான் போட்டு, பிரதேச சபையில் அங்கீகாரம் எடுத்து, அப்புறம் நன்கொடை உறுதி. பொதுவாக 6 பேர்ச்சுக்குக் குறைவாகப் பிரிக்க விடமாட்டார்கள், சரிவான இடத்தில் இன்னும் கூடக் கேட்கலாம், பாதைக்கும் இடம் விட வேண்டும், இதையெல்லாம் முதலிலேயே சபையில் கேட்டுக்கொள். நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சியோடு கையெழுத்து வைத்து, காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் வேலை முடிந்தது. நல்ல உறுதியும் பிளானும் இல்லாமல் வங்கியும் கடன் தராது.

அப்பா அம்மாவின் பக்கத்தையும் பார். உறுதியிலேயே அவர்கள் இருவருக்கும் சீவிய உரித்து எழுதிவிடு. அவர்கள் உயிரோடு இருக்கும்வரை யாரும் எழும்பு என்று சொல்ல முடியாது. "அப்பா, இது உங்களுக்கும் பாதுகாப்பு" என்று சொன்னால் அவருக்கு விளங்கும். சட்டப்படி அண்ணன் கையெழுத்து தேவையில்லை, காணி அப்பாவுடையது. ஆனால் அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் சொல்லாமல் மட்டும் செய்துவிடாதே. மறைத்துச் செய்தால் அது எப்போதாவது வெளியே வரும், வருகிற நாள் பெரும்பாலும் செத்த வீட்டு நாளாகத்தான் இருக்கும்.

கல்கட்டு

மாமா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எழுத்து வேலைக்கு முன்னால் ஒன்று. நீங்கள் "தண்ணீர் ஊறுகிறது, அவ்வளவுதான்" என்று ஒரு வரியில் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த வரிக்குப் பிறகு வேறு எதுவும் வாசிக்க முடியவில்லை.

நான் 20 வருடமாக மலைப்பக்கத்தில் கட்டட வேலை செய்கிறேன். முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வந்தால் மண்ணுக்குள் தண்ணீர் வேறு வழி பிடித்திருக்கிறது என்று அர்த்தம். நிலத்தில் பிளவு, மரம் சாய்வது, கதவு ஜன்னல் திடீரென்று இறுகுவது, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருவது, இதெல்லாம் மண் நகர்வதற்கான அறிகுறி. 2014 ஒக்டோபர் 29 காலையில் மீரியபெத்தையில் நடந்த மண்சரிவு உங்களுக்குத் தெரியும், உங்கள் பக்கத்து ஊர்தான்.

பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை போன்ற மாவட்டங்களில் மண்சரிவு அபாயப் பகுதியில் கட்டுவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும், நம்ம ஆட்கள் என்.பி.ஆர்.ஓ. என்று சொல்வது அதைத்தான். பலர் அதை ஒரு தொல்லையாக நினைத்து, பழைய வீட்டோடு ஒட்டி ஒரு பத்தி இறக்குவதுபோல, கேட்காமலே கட்டிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். அவர்கள் வந்து பார்த்து வேண்டாம் என்றால் வேண்டாம், அதுவே உங்களுக்கு லாபம். கட்டலாம் என்றாலும் எப்படிக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை எழுதித் தருவார்கள்.

நான் என் கண்ணால் பார்த்த பிழைகளைச் சொல்கிறேன். பெரிய வீடு வேண்டுமென்று பின்பக்கத்து மேட்டைச் செங்குத்தாக வெட்டுவார்கள், உங்கள் கேஸில் அந்த மேட்டுக்கு மேலேதான் அப்பா அம்மாவின் வீடு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள். வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி மட்டமாக்கி அந்தப் புது மண்ணிலேயே அத்திவாரம் போடுவார்கள், இரண்டு மழைக்காலத்தில் சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. தாங்கு சுவர் கட்டுவார்கள், தண்ணீர் வெளியேறப் பைப் வைக்கமாட்டார்கள். சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் பின்னால் தேங்குகிற தண்ணீர்தான். மேல் வீட்டுக் கூரைப் பீலித் தண்ணீரும் குசினித் தண்ணீரும் இப்போது எங்கே போகிறது என்று ஒரு மழை நாளில் குடையோடு நின்று பாருங்கள். அநேகமாக அந்தப் படிகளுக்குள்தான் இறங்கும். அதற்குச் சீமெந்துக் கான் போட்டுக் காணிக்கு வெளியே, பொதுக் கானில் விட வேண்டும். மலக்குழியையும் சரிவின் விளிம்பில் வெட்ட வேண்டாம்.

உங்கள் இடமாக இருந்தால் நான் கடைசிப் படியை விட்டுவிடுவேன். மேல் படியில், பழைய வீட்டுக்குப் பக்கவாட்டில், மண்ணை அதிகம் வெட்டாமல் சின்னதாகக் கட்ட முடியுமா என்றுதான் பார்ப்பேன். தோட்டத்தைக் கீழே தள்ளிவிடலாம், போஞ்சி எங்கேயும் காய்க்கும்.

ஹப்புத்தளை மருமகள்

நான் மாமியார் வீட்டுக்குப் பின்னால் 9 வருடமாக இருக்கிறேன், நல்லபடியாகத்தான் இருக்கிறேன், அதனால் சொல்கிறேன். தம்பி, உங்கள் பதிவில் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு சொல்கூட இல்லையே. முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்.

குசினி தனியாக இருக்கட்டும். வாசல், உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அத்தை மாமாவின் முற்றத்தைத் தாண்டாமல் வரும்படி இருக்கட்டும். கரண்ட் மீட்டரும் வேறாக எடுங்கள். நாங்கள் முதல் இரண்டு வருடம் ஒரே மீட்டரில் இழுத்தோம், இரண்டு வீட்டுப் பாவனையும் சேர்ந்து மாதம் 60 யூனிட்டைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே கூடிய விலை. பில் வருகிற நாளில் யார் வீட்டு அயர்ன், யார் வீட்டு ரைஸ் குக்கர் என்ற பேச்சு வரும். மீட்டர் பிரித்த மாதமே அந்தப் பேச்சு நின்றது.

அம்மாவின் முழங்காலுக்காகத்தான் போகிறீர்கள் என்றால் இரண்டு வீட்டுக்கும் இடையில் படி வேண்டாம். கைப்பிடியோடு சரிவான பாதை போடுங்கள். கீழ்ப் படியில் கட்டினால் பேத்தியைப் பார்க்க அவரால் இறங்கி வரவே முடியாது, அதை யாராவது யோசித்தீர்களா?

லயத்துப்பிள்ளை

வாசிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. மேலே சொன்னது உறுதிக் காணிக்கு. ஜயபூமி, ஸ்வர்ணபூமி போன்ற, அரசாங்கம் தந்த அளிப்புக் காணியாக இருந்தால் நொத்தாரிசிடம் போய் நேரே எழுதிவிட முடியாது, இஷ்டத்துக்குத் துண்டாக்கவும் முடியாது. பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத்தான் எதுவும்.

கொழுந்துக்கூடை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

மனைவியிடம் கேட்டேன். அவளும் வருவதற்குச் சம்மதம், தனிக் குசினி மட்டும் வேண்டும் என்றாள். அப்பாவிடம் மாமா சொன்னபடி சீவிய உரித்தைப் பற்றிப் பேசினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "அப்படியென்றால் உங்கள் அம்மாவுக்கும் அதில் பெயர் இருக்குமா" என்று கேட்டார். இருக்கும் என்றேன். அடுத்த நாள் காலையில் பெட்டியிலிருந்து உறுதியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்திருந்தார். அண்ணனோடும் தங்கச்சியோடும் வட்ஸ்அப்பில் ஒன்றாகப் பேசினோம். அண்ணன் தனக்கும் ரோட்டுப் பக்கமாக ஒரு துண்டு வேண்டும் என்றான், அது நியாயம்தான், சேர்வேயர் வரும்போது அதையும் அளக்கச் சொல்கிறேன். தங்கச்சி இன்னும் பதில் சொல்லவில்லை, அடுத்த மாதம் ஹட்டனுக்குப் போய் நேரில் பேசப் போகிறேன்.

கடைசிப் படியை விட்டாயிற்று. என்.பி.ஆர்.ஓ.வுக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம், அவர்கள் வந்து பார்க்கும்வரை ஒரு மண்வெட்டிகூடப் போடப் போவதில்லை. மேல் படியில் கட்டலாம் என்று சொன்னால் பேரிக்காய் மரம் போகும். அம்மா அதற்கு மட்டும் கண் கலங்கினார், இப்போதே பதியன் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்.

கல்கட்டு அண்ணே, ஊற்று இப்போதும் வருகிறது, நூல் மாதிரி. நான் என்ன செய்ய?

கல்கட்டு

மூடாதீர்கள், அடைக்காதீர்கள், ஒரு சின்னக் கான் வெட்டி வெளியே விடுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துத் திகதி எழுதி வையுங்கள், அதிகாரி வரும்போது வரிசையாகக் காட்டலாம். தண்ணீர் கலங்கினாலோ திடீரென்று கூடினாலோ, அல்லது ஒரு நாளில் 100 மில்லிமீட்டருக்கு மேல் மழை என்று கேள்விப்பட்டாலோ, அப்பா அம்மாவை அன்றிரவே டவுனில் உங்கள் வாடகை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.