இஎம்ஐ கணக்கு சரிதான், ஆனாலும் மாதக் கடைசியில் துண்டு விழுகிறது: பெங்களூரில் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு ஒதுக்குவது?

ஹொரமாவு வாசி:
வணக்கம். ஹொரமாவில் ஒன்பது வருடப் பழைய அபார்ட்மென்ட்டில் 1,150 சதுர அடி வீடு வாங்கிக் குடிவந்து பதினான்கு மாதம் ஆகிறது. வாங்கும் முன் நானும் மனைவியும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இஎம்ஐ 46,000, மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு நாலரை ரூபாய் வீதம் 5,175. சமாளித்துவிடலாம் என்றுதான் இறங்கினோம்.

ஆனால் ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று வருகிறது. சொத்து வரி 9,600, அதை ஜூனில்தான் கட்டினோம். கோடையில் மூன்று மாதம் தண்ணீர் லாரிக்கென்று தனியாக மாதம் 1,500 வாங்கினார்கள். கீசர் காயில் போய் 2,800. போன வாரம் லிப்ட் கதவுக்குப் பக்கத்தில் நோட்டீஸ்: லிப்ட் கயிறு மாற்றவும் வெளிப்புற பெயின்ட்டுக்கும் வீட்டுக்கு 38,000, இரண்டு தவணை. மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தில்தான் கை வைக்க வேண்டும். போதாததற்கு பால்கனிச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரக்கறை. எங்கே தப்புப் பண்ணினோம்?

கேஆர் புரம் அக்கா:
தம்பி, எங்கள் குடியிருப்பில் நான்கு வருடம் பொருளாளராக இருந்தேன். தப்பு உங்கள் பக்கம் மட்டும் இல்லை. நாலரை ரூபாய் என்பது வாட்ச்மேன், துப்புரவு, பொது மின்சாரம், கழிவுநீர் சுத்திகரிப்பு, லிப்ட் சர்வீஸ் ஆகிய அன்றாடச் செலவுக்கே சரியாகப் போய்விடும். லிப்ட் கயிறும் பெயின்ட்டும் சில வருடத்துக்கு ஒருமுறை வருவது. அதற்குச் சிங்கிங் ஃபண்ட் என்று மாதாமாதம் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காத இடத்தில்தான் இப்படி நோட்டீஸ் ஒட்டுவார்கள்.

முதலில் சங்கத்திடம் கடைசி இரண்டு வருட வரவு செலவை எழுத்தில் கேளுங்கள். கார்ப்பஸ், அதாவது உரிமையாளர்கள் கட்டிய பொது வைப்புத் தொகை, எவ்வளவு இருக்கிறது, பழைய உரிமையாளர் கட்டியது உங்கள் பெயருக்கு மாறியதா என்று பாருங்கள். பழைய வீடு வாங்கும் பலர் இதைக் கேட்பதே இல்லை, எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

இப்போது உங்கள் கணக்கு. வருடத்துக்கு ஒருமுறை வருவதை எல்லாம் பன்னிரண்டால் வகுங்கள். 2025 முதல் குப்பைக் கட்டணமும் சொத்து வரியோடு சேர்ந்தே வருகிறது. இரண்டும் சேர்த்து 10,800 என்று வைத்தால் மாதம் 900. கோடைத் தண்ணீர் 4,500, மாதம் 375. போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம், கீசர் காயிலில் வெள்ளையாகப் படிந்து அரித்துவிடும், குழாயும் அடைக்கும். அதற்கும் வாட்டர் ஃபில்டருக்கும் மாதம் 1,000. வீட்டுக் காப்பீடு 250. உள்ளே பெயின்ட் அடிக்க ஆறு வருடத்தில் 80,000 ஆகும், மாதம் 1,100. இந்த 38,000 மாதிரி அடுத்தது நாலு வருடத்தில் வரும் என்று 800. கூட்டினால் 4,425 வருகிறது, 4,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் வந்த மறுநாளே தனிக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் கரைந்துவிடும்.

அப்புறம், ஏப்ரல் 30க்குள் முழு வருட சொத்து வரியையும் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. உங்களுக்கு 480 ரூபாய் போயிருக்கிறது.

மாரத்தஹள்ளிக்காரன்:
அக்கா சொன்னதோடு ஒன்று. சிங்கிங் ஃபண்டுக்காக மெயின்டனன்ஸை ஏற்றச் சொல்லும்போது ஜிஎஸ்டியையும் பாருங்கள். ஒரு வீட்டுக்கு மாதம் 7,500 தாண்டி, சங்கத்தின் ஆண்டு வரவும் 20 லட்சம் தாண்டினால் 18 சதவீதம் வரும். உங்களுக்கு 500 கூடினாலும் 5,675தான், பயமில்லை.

தண்ணீருக்கும் வழி தேடுங்கள். 2024 மார்ச்சில் டேங்கருக்கு மாவட்ட நிர்வாகமே விலை வைக்க வேண்டி வந்ததே. அதே வருடம் அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கியது. உங்கள் கட்டடம் இணைப்பு வாங்கிவிட்டதா? இல்லையென்றால் அந்தக் கட்டணத்தையும் வீடுகளுக்குத்தான் பிரிப்பார்கள், இப்போதே கேட்டுவைப்பது நல்லது.

ஹொரமாவு வாசி:
இருவருக்கும் நன்றி. நேற்று பொருளாளரைப் பார்த்தேன். சிங்கிங் ஃபண்ட் என்று தனியாக எதுவும் இல்லையாம். 38,000-ஐ நான்கு தவணையாக்கச் சம்மதித்தார். காவிரி இணைப்புக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள். 4,500-க்குத் தனிக் கணக்கும் தொடங்கிவிட்டேன். ஈரக்கறைக்கு என்ன செய்வது? மேல்வீட்டுக்காரர் தன் பக்கம் கசிவே இல்லை என்கிறார்.

கேஆர் புரம் அக்கா:
தவணை கிடைத்தது நல்ல சேதி. கறையைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். மழை பெய்த பிறகு மட்டும் கோட்டைத் தாண்டினால் வெளிச்சுவர் விரிசல், அது சங்கத்தின் செலவு. மழையே இல்லாத வாரத்திலும் பரவினால் மேல்வீட்டுக் குழாய், தேதி போட்ட படத்தோடு அவரிடம் பேசலாம். எதுவானாலும் வெளி பெயின்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன் பொருளாளரைக் கூட்டிவந்து காட்டுங்கள். ஆள் கயிற்றில் தொங்கி வேலை செய்யும்போதே விரிசலையும் அடைத்துவிடலாம். அதுவரை உள்பக்கம் பெயின்ட் அடிக்க வேண்டாம், தம்பி.