நேபாளப் பெண்களும் சாதியும்: சௌபடி வழக்கத்துக்கு அப்பால்

கேள்வி — தேன்மொழி

நேபாளப் பெண்களின் நிலையைப் பற்றித் தமிழில் நான் படித்த கட்டுரைகளில் பெரும்பாலானவை, மாதவிடாய் நாட்களில் பெண்களை வீட்டுக்கு வெளியே குடிசையிலோ தொழுவத்திலோ தங்கவைக்கும் சௌபடி வழக்கத்தோடு நின்றுவிடுகின்றன. அது கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்நாட்டு மக்கள்தொகையில் 13 சதவீதத்துக்கு மேல் தலித்துகள் இருக்கிறார்கள். தலித் பெண்கள் படும் துன்பம், மற்ற நேபாளப் பெண்கள் படுவதே சற்றுக் கூடுதலாக இருப்பதுதானா, அல்லது தன்மையிலேயே வேறானதா? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி — கார்முகில்

தன்மையிலேயே வேறானது என்பதே என் கருத்து. ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்று. 1854-இல் ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த முலுகி ஐன் என்னும் சட்டத்தொகுப்பு, பூணூல் அணிவோரை உச்சியிலும், எவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாதோ அவர்களையும் தொட்டால் தீட்டு எனப்பட்டவர்களையும் அடியிலும் வைத்து, நாட்டு மக்கள் அனைவரையும் சாதி அடுக்கில் நிறுத்தியது. அதில் கவனிக்க வேண்டியது திருமண விதிகள். மேல்படி ஆண், தனக்குக் கீழே இருந்தாலும் தண்ணீர் புழங்கத்தக்கதாகக் கருதப்பட்ட சாதிப் பெண்ணை மணக்க இடமிருந்தது. மேல்படிப் பெண் கீழ்ப்படி ஆணோடு சேர்ந்தாலோ அது கடும் குற்றமாயிற்று. சாதியின் எல்லைக்கோடு பெண்ணின் உடல்மீதே வரையப்பட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

1963-இல் வந்த புதிய சட்டத்தொகுப்பு சாதிவாரித் தண்டனைகளை விலக்கியது. 2011-இல் சாதிப் பாகுபாட்டையும் தீண்டாமையையும் தண்டிக்கத் தனிச் சட்டமே வந்தது. அதற்குப் பின்னும், 2020 மே மாதம் மேற்கு ருக்கும் மாவட்டத்தில், மேல்சாதிப் பெண்ணைக் காதலித்த தலித் இளைஞர் ஒருவர் அவளை அழைத்துவர நண்பர்களோடு அவளது ஊருக்குச் சென்றபோது, ஊரார் துரத்தித் தாக்கியதில் அவரும் ஐந்து நண்பர்களும் உயிரிழந்தார்கள். 2023 டிசம்பரில் மாவட்ட நீதிமன்றம் இருபதுக்கும் மேற்பட்டோருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொல்லப்பட்டவர்கள் ஆண்கள், ஆனாலும் அந்தக் கொலைகளின் பின்னால் நின்றது, பெண் யாரை மணக்கலாம் என்ற பழைய விதிதான்.

மறுமொழி — நிலவன்

கார்முகில் சொன்னதோடு உடன்படுகிறேன். பெண் என்ற பொது அடையாளம் எவ்வளவு எளிதில் உடைந்துபோகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 2021 ஜூனில் காத்மாண்டுவில் தலித் பெண் பத்திரிகையாளர் ஒருவருக்கு, அவருடைய சாதி தெரிந்தபின் வாடகைக்கு அறை தர மறுத்தவரும் ஒரு பெண்ணே. புகாரின்பேரில் கைதான அந்த வீட்டுக்காரர் விடுவிக்கப்பட்டபோது, அன்றைய கல்வி அமைச்சரே நேரில் சென்று தம் வாகனத்தில் அவரை அழைத்துச் சென்றார். தீண்டாமைச் சட்டத்தின்கீழ் புகார் கொடுக்க நினைக்கும் அடுத்த பெண்ணுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் எச்சரிக்கை சொல்லியிருக்க முடியாது.

பாதி (Badi) என்னும் தலித் சமூகத்துப் பெண்களின் வரலாறு இன்னும் கடுமையானது. மேற்கு நேபாளத்தின் சிற்றரசர்களுக்கும் நிலக்கிழார்களுக்கும் ஆடிப்பாடி வாழ்ந்த அச்சமூகம், அந்த ஆதரவு போனபின் வேறு பிழைப்பின்றி நின்றது. பெண்கள் பலர் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டார்கள். குடியுரிமை தந்தைவழி வருவதென்று இருந்ததால், தந்தையின் பெயரைக் காட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவோ குடியுரிமைச் சான்றோ கிடைக்கவில்லை. 2005-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டும் நடப்பு மாறாததால், 2007-இல் உமாதேவி பாதியின் தலைமையில் அப்பெண்கள் தலைநகருக்கு வந்து, அரசுத் தலைமையகமான சிங்க தர்பார் வாயிலில் மேலாடை களைந்து போராடினார்கள். உமாதேவி பின்னர் 2017-இல் மாகாணச் சட்டமன்ற உறுப்பினரானார். தந்தைவழி முதன்மையோ இன்னும் போகவில்லை: 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்பின்படி நேபாள ஆணை மணந்த வெளிநாட்டுப் பெண் குடியுரிமை பெற வழி உண்டு, நேபாளப் பெண்ணை மணந்த வெளிநாட்டு ஆணுக்கு அவ்வழி இல்லை. இந்த விதி எல்லாச் சாதிப் பெண்களையும் தாக்குகிறது. ஆனால் நிலமோ ஆவணமோ இல்லாத குடும்பத்துப் பெண்ணைத்தான் அது முற்றாக முடக்குகிறது.

மறுமொழி — அன்புச்செல்வி

சௌபடியைச் சிறிதாக்கிவிட வேண்டாம் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். 2019 ஜனவரியில் பாஜுரா மாவட்டத்தில் குளிருக்குத் தீ மூட்டிய குடிசையில் புகை சூழ்ந்து ஒரு தாயும் அவருடைய இரு மகன்களும் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே, பெண்ணை அப்படித் தங்கவைப்போருக்கு மூன்று மாதச் சிறை அல்லது 3,000 நேபாள ரூபாய் அபராதம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. மாமியாரையோ கணவனையோ சிறைக்கு அனுப்ப எந்தப் பெண் காவல் நிலையம் போவாள்? தீட்டு என்ற எண்ணம் சில நாட்களுக்கு மேல்சாதிப் பெண்ணையும் வெளியே தள்ளுகிறது. தலித் பெண்ணை ஆண்டு முழுவதும் தள்ளுகிறது. இதை இரண்டு தனிச் சிக்கல்களாகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

தேன்மொழி

மூவருக்கும் நன்றி. அப்படியானால் உள்ளாட்சியில் தலித் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கியிருப்பது ஏதேனும் மாற்றம் தந்திருக்கிறதா?

மறுமொழி — நிலவன்

தந்திருக்கிறது, ஆனால் அளவோடு. ஒவ்வொரு வார்டிலும் ஐந்து உறுப்பினர்களுள் ஒருவர் தலித் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். 2017 தேர்தலில் 6,743 வார்டுகளில் 6,567 தலித் பெண்கள் உறுப்பினரானார்கள்; எஞ்சிய 176 வார்டுகளில் அந்த இடத்துக்கு வேட்பாளரே இல்லை. தெற்காசியாவில் இது சிறிய செய்தி அன்று. இருப்பினும், வார்டுகளுக்கு மேலுள்ள உள்ளாட்சி மன்றத்தின் தலைவர், துணைத்தலைவர் பதவிகள் இரண்டுக்கும் ஒரு கட்சி வேட்பாளர் நிறுத்தினால் அவர்களுள் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்ற விதியை, 2022-இல் கூட்டணிக் கட்சிகள் ஆளுக்கு ஒரு பதவியை மட்டும் பங்கிட்டுக்கொண்டு எளிதாகத் தாண்டின. வார்டிலும் கையெழுத்து அதிகாரம் வார்டுத் தலைவரிடமே இருக்கிறது. அந்த நாற்காலியில் தலித் பெண்களை மிக அரிதாகவே காண முடிகிறது.