பின்சக்கர பேரிங்: ஆக்சிலில் சிக்கிய இன்னர் ரேஸைக் கழற்ற வழி சொல்லுங்கள்

பிரேக் டிரம்மை இழுத்ததும் பேரிங் பிரிந்து, உள்பக்க இன்னர் ரேஸ் (பேரிங்கின் உள்வளையம்) மட்டும் ஸ்டப் ஆக்சிலிலேயே (சக்கரம் சுழலும் குட்டை அச்சு) தங்கிவிட்டது. பின்னால் இடைவெளி இல்லாததால் இரண்டு கால் புல்லர் (கவ்வி இழுத்துக் கழற்றும் கருவி) பிடி கிடைக்காமல் நழுவுகிறது. கிரைண்டரால் ரேஸில் சாய்வாக வெட்டி, முக்கால் ஆழத்தில் நிறுத்தி, உளியால் தட்டிப் பிளக்கலாம். ஆனால் ஆக்சிலில் கீறல் விழுந்தால் புது ரேஸ் சரியாக உட்காராதே! பேரிங் ஸ்ப்ளிட்டர் (ரேஸின் பின்னால் ஆப்புபோல் நுழைத்துப் பிடிக்கும் இரட்டைத் தகடு) இவ்வளவு குறுகிய இடத்தில் நுழையுமா?

இன்னொன்று: புது பேரிங்கில் ஒரு பக்கச் சீலில் ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) காந்த வளையம் இருக்கிறது. குண்டூசி ஒட்டும் பக்கம்தானே சென்சாரைப் பார்க்க வேண்டும்? பேரிங்கை டிரம்முக்குள் பிரஸ் செய்ய (அழுத்திப் பொருத்த), பழைய அவுட்டர் ரேஸின் (வெளிவளையம்) வெளிவிட்டத்தை லேசாகத் தேய்த்து மேலே வைத்து அழுத்தினால் போதுமா? தேய்க்காவிட்டால் அதுவும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

நட் புதிது. டார்க் அளவு (எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது) மேனுவலில் இருக்கிறது, அது வேண்டாம்.